ஆரிச் சட்டத்தின் எதிர்ப்பக்கம்

சந்தன நிறப் பட்டுத் துணியில் வட்டமாக ஒரு தடம் விழுந்ததால்தான் அவள் எனக்குக் கிடைத்தாள்.

அப்போது நான் நாகல் நகரில் எங்கள் லைன் வீட்டில் இருந்தபடி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தையல் கடைக்குப் பூ வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறந்தது சின்னாளபட்டி. எங்கள் அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார். அந்தத் துணி மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்ததால் ஊசியும் நூலும் எனக்குப் புதிதில்லை. கணவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிவரும் மினி வேன் ஓட்டுகிறார். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் மூன்று மணிவரை வீட்டில் நான் மட்டும்தான்.

என்னிடம் இருந்தது ஒரு மர வளையம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள், வெளி வட்டத்தில் ஒரு திருகு. உள் வட்டத்தின் மேல் துணியை விரித்து, வெளி வட்டத்தை அமுக்கித் திருகினால் துணி விறைத்து நிற்கும். மடியில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து வேலை செய்யலாம். குழம்பு கொதிக்கும்போது அடுப்படியில்கூட நான்கு இதழ் போட்டிருக்கிறேன். பருத்தித் துணிக்கு அது போதும். பட்டுக்கு ஆகாது என்று கடை மாஸ்டர் சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

அது ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட். முதுகில் ஒரு பெரிய தாமரை. இரண்டு நாள் வளையத்தைக் கழற்றாமலேயே போட்டு முடித்தேன். கழற்றிப் பார்த்தால், தாமரையைச் சுற்றி இழைகள் நசுங்கிப் பளபளவென்று ஒரு வட்டம். ஈரத் துணி வைத்துத் தேய்த்தேன். ஆவியில் காட்டினேன். நகத்தால் நீவிப் பார்த்தேன். வட்டம் அப்படியே இருந்தது.

மாஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றிருந்தேன். அவர் திட்டவில்லை.

"பட்டை இழுத்துக் கட்டித்தாம்மா வேலை பாக்கணும். பேகம்பூர்ல ஒரு பொண்ணு ஆரிச் சட்டம் வச்சிருக்கு. கொண்டு போ. அதால முடிஞ்சா உண்டு. இல்லேன்னா கல்யாணக்காரவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

தோல் மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கி ஒன்றுக்கு எதிரே மாடி வீடு. ஏறிப்போனால், கூடத்தை அடைத்துக்கொண்டு கயிறு கட்டாத கட்டில் மாதிரி ஒரு மரச் சட்டம். அதற்குப் பின்னால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஒருத்தி எழுந்தாள். என்னைவிட நாலு வயது இளையவள். பொட்டலத்தைப் பிரித்து மடியில் போட்டு, அந்த வட்டத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். சிரித்துவிட்டாள்.

"ஏக்கா, பௌர்ணமி நிலாவைல்ல எறக்கி வச்சிருக்க!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"அழாதக்கா. இது போகாது. போகாததை மறைச்சுப்புடலாம். இந்தா, இந்த வட்டத்து மேலயே ஒரு கொடி ஓட விட்டம்னா, வேணும்னே போட்டது மாதிரி இருக்கும். நீ அங்கிட்டு உக்காரு."

அப்படித்தான் நான் அந்தச் சட்டத்தின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் கொடி தாமரையைச் சுற்றி வந்து சேர்ந்தது. அவள் ஆரி ஊசியால் தண்டை ஓட்ட, நான் சாதா ஊசியால் இலைகளில் மணி கோத்தேன். ஜாக்கெட்டைப் பார்த்த மாஸ்டர், "இனிமே ரெண்டு பேரும் சேந்தே பாருங்க" என்றார். ஆறு வருடம் சேர்ந்து பார்த்தோம்.

ஆரி வேலையைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சட்டத்தின் இரண்டு நீள மரங்களிலும் முரட்டுக் காடாத் துணி ஆணி வைத்து அடித்திருக்கும். ஜாக்கெட் துணியின் இரண்டு ஓரத்தையும் அந்தக் காடாவோடு சேர்த்துத் தைத்து, மரங்களைத் தள்ளி வைத்து ஆணி செருகி, பக்கவாட்டில் சணல் கயிற்றால் வரிந்து கட்டுவோம். விரலால் சுண்டினால் தோல் மேளம் மாதிரி சத்தம் வர வேண்டும். அவள் சுண்டிப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்டு, "இன்னும் ஒரு இழுப்புக்கா" என்பாள். நான் இழுப்பேன். மறுபடி சுண்டுவாள். அது சரி என்று சொன்ன பிறகுதான் ஊசியைத் தொடுவோம்.

வலது கையில் கொக்கி முனை வைத்த ஊசி, துணிக்கு மேலே. இடது கை துணிக்கு அடியில், நூலைப் பிடித்துக்கொண்டு. மேலிருந்து ஊசி இறங்கும்போது அடியில் நூலை அதன் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். ஊசி அதை மேலே இழுத்து வளையமாக்கும். அடியில் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். அவள் எனக்குக் காட்டிக் கொடுத்தபோது, ஒரு வாரம் என் இடது ஆள்காட்டி விரல் முழுக்கக் குத்துப்பட்ட புள்ளிகள்.

இழுத்துக் கட்டிய துணி என்பதால், அவள் பக்கம் ஊசி இறங்கினால் என் பக்கம் துணி அதிரும். மெல்லிய அதிர்வுதான். முதலில் அது என் கையைக் கெடுத்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு அது இல்லாமல் என் கை ஓடாது என்று ஆகிவிட்டது. நிமிர்ந்து பார்க்காமலே அவள் வேகமாகப் போகிறாளா, யோசித்துப் போகிறாளா, தூக்கம் வருகிறதா என்று சொல்லிவிடுவேன். "என்ன புள்ள, மனசு எங்கயோ இருக்கு" என்பேன். "எப்படிக்கா கண்டுபிடிச்ச?" என்று தலையைத் தூக்குவாள்.

அவளுடைய மாமியார் கூடத்தின் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருப்பார். நானும் அவரை மாமி என்றே கூப்பிட்டேன். மாமிக்கு ஒரு கண்டிப்பு உண்டு: பட்டு விரித்திருக்கும்போது பக்கத்தில் தின்பண்டம் கூடாது. எண்ணெய்க் கறை பட்டால் யார் பதில் சொல்வது? அது நியாயம்தான். ஆனால் அவளால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. தாவணி வயதுப் பெண் மாதிரி மடியில் கடலை மிட்டாய் ஒளித்து வைத்திருப்பாள். மாமி கண்ணை மூடி மணி உருட்டும்போது துணிக்கு அடியில் அவள் இடது கை நீண்டு வரும். என் இடது கையைத் தேடும். விரலில் விரல் இடிக்கும். ஒரு துண்டு மிட்டாயை என் உள்ளங்கையில் அழுத்திவிட்டுப் போய்விடும். மேலே எங்கள் இருவர் முகத்திலும் ஒன்றும் இருக்காது. மாமி கண்ணைத் திறந்து, "என்ன கொறிக்கிறீக?" என்பார். "ஒண்ணுமில்ல மாமி, நூலைக் கடிச்சேன்" என்பாள் அவள்.

அவள் கணவர் ஷார்ஜாவில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாதம் வருவார். குடும்பத்துக்கு விசா வரப்போகிறது என்று இரண்டு தடவை சொல்லி, இரண்டு தடவையும் கடைசி நேரத்தில் நின்றுபோனது. முதல் தடவை சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து விருந்து வைத்துவிட்டுப் போனார்கள். புதுப் பெட்டி வாங்கினாள். அந்தப் பெட்டியில்தான் பின்னால் நாங்கள் ஜரி நூல் கண்டுகளைப் போட்டு வைத்தோம். இரண்டாம் தடவை நின்றபோது தெருவில் இறங்கவே கூச்சப்பட்டாள். "எப்பம்மா கெளம்புற?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு வாரம் என் முன்னால் உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகப் பிற்பாடு எனக்கு நன்றி சொன்னாள்.

இதையெல்லாம் நான் தெரிந்துதான் வைத்திருந்தேன். தெரிந்தும் அப்படி நடந்துகொண்டேன்.

அந்த வருடம் வைகாசி முகூர்த்தத்துக்குப் பழனிப் பக்கத்துக் கல்யாண ஜாக்கெட் ஒன்று வந்தது. முதுகில் ஜோடி மயில், இரண்டு கையும் நிறைய வேலை. துணியை ஏற்றி, குத்திய காகிதத்தின் மேல் மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்துப் படம் இறக்கி, வேலையைத் தொடங்கியிருந்தோம். மயில் கழுத்துக்கு நீல மணி தீர்ந்துபோனதால் கடைக்குப் போனேன்.

மாஸ்டர் மணியை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணு இந்த மாசக் கடைசியில ஷார்ஜா கெளம்புதாமே. இனிமே பட்டு வேலைக்கு நீ தனியாவா கஷ்டப்படப் போற?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தெரிந்த மாதிரி, "ஆமா மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெயிலில் பேகம்பூர் வரை நடந்தே போனேன். அவள் சொல்வாள், என் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே படி ஏறினேன்.

அவள், ஒன்றாம் வகுப்பு படிக்கும் தன் மகளுக்குப் பல் ஆடுவதைப் பற்றிச் சொன்னாள். ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறாளாம். சொல்லிச் சிரித்தாள். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஊசியை எடுத்தேன். வேறு ஏதாவது சொல்வாள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன்.

மறுநாளும் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் பேச்சை நிறுத்தினேன். "கத்திரி." "ஜரி." "இந்தப் பக்கம் திருப்பு." இவ்வளவுதான். பதினோரு நாள். இரண்டடித் துணிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து ஒரே மயில் ஜோடியைப் போட்டோம். அவள் போட்டது ஆண் மயில். நான் பெண் மயில்.

இரண்டாம் நாளே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். துணி அதிர்ந்த விதத்தில் எனக்குத் தெரிந்தது: நாலு தையல் போடுவாள், நிற்பாள், நாலு தையல் போடுவாள், நிற்பாள். நான் நிமிரவே இல்லை.

நடுவில் ஒருநாள் கல்யாணப் பெண்ணின் அம்மா பழனியிலிருந்து வந்து வேலையைப் பார்த்தார். மயிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, வந்ததிலிருந்து பாக்கறேன், ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கலீங்களே. வேலைன்னா இப்படித்தான் இருக்கோணுமுங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அதைக் கேட்டு வேறொரு நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, மாமி தொழுகைக்காக உள்ளே போயிருந்தார். கூடத்தில் நாங்கள் இருவர்தான். துணிக்கு அடியில் அவள் கை வந்தது. மாமி இல்லாதபோது அடியில் கொடுக்க அவசியமே இல்லை, மேலேயே கொடுத்திருக்கலாம். ஆனாலும் அடியில்தான் வந்தது. என் விரல்களைத் தேடிப் பிடித்து, கடலை மிட்டாயை உள்ளங்கையில் வைத்தது. உடனே போய்விடவும் இல்லை. என் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது.

நான் கையை உருவிக்கொண்டேன். மிட்டாய் தரையில் விழுந்தது.

"அக்கா" என்றாள்.

"மயில் கண்ணுக்கு வச்ச கல்லு எங்க?" என்றேன்.

அவள் டப்பாவைத் தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரம் துணி அசையவே இல்லை. அதன் பிறகு அவள் ஊசி இறங்கத் தொடங்கியது, ஒழுங்காக, ஒரே வேகத்தில், மிஷின் மாதிரி.

கடைசி நாள் சணல் கயிற்றை அறுத்து, காடாவிலிருந்து துணியைப் பிரித்து எடுத்து மடித்தோம். நான் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். அவள் மேல்படிவரை வந்தாள்.

"நாளைக்கு வருவியாக்கா?"

"நாளைக்கு என்ன வேலை கெடக்கு, வாரதுக்கு?"

அவள் போவதற்கு முன் நான் அவளிடம் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான்.

அவள் கிளம்பிய நாள் எனக்குத் தெரியும். மாஸ்டர் சொல்லியிருந்தார். பகல் பதினோரு மணிக்குக் காரில் திருச்சி, அங்கிருந்து விமானம். என் கணவர் மார்க்கெட் நடையை முடித்து அன்று சீக்கிரமே வந்துவிட்டார். வேட்டியைக்கூட மாற்றாமல் வாசலில் நின்றார்.

"போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரு. வண்டிய எடுக்கவா?"

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லாதவ வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்?"

அவர் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். நான் துணி துவைக்க உட்கார்ந்தேன். இருந்த துணி போதாமல், துவைத்த போர்வையை மறுபடி நனைத்துத் துவைத்தேன். பதினோரு மணி ஆனது. பன்னிரண்டு ஆனது.

அடுத்த வாரம் ஒரு லோடு ஆட்டோ எங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் மாமி. பின்னால், கழற்றிக் கட்டிய ஆரிச் சட்டம்.

"உனக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனா" என்றார் மாமி. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பித் தரும்போது, "ரெண்டு நாளா ஜன்னல்லயே நின்னா" என்றார். சட்டத்தை இறக்கியதும் ஆட்டோவைக் கிளப்பச் சொன்னார். ஏறிப் போய்விட்டார்.

எங்கள் வீடு ஒரே அறையும் ஒரு அடுப்படியும். சட்டத்தைச் சுவரோரமாகத்தான் போட முடிந்தது. அதன் எதிர்ப்பக்கம் சுவரில் ஒட்டிக்கொண்டது. ஒரு ஆள் உட்காருவது இருக்கட்டும், ஒரு கை நுழையவும் இடமில்லை. அந்தப் பக்கத்து வேலை வரும்போது ஆணிகளைக் கழற்றி, துணியைச் சுருட்டி, சட்டத்தையே தூக்கித் திருப்பிப் போடுவேன். மாஸ்டர் வேறு ஒரு பெண்ணை அனுப்பட்டுமா என்று கேட்டார். வீட்டில் இடமில்லை என்றேன். அது உண்மைதான். அது மட்டுமே காரணமில்லை என்பதும் உண்மைதான்.

தனியாக வேலை செய்து பார்த்தபோதுதான், எனக்கு என்ன பறிபோயிருக்கிறது என்று தெரிந்தது. நான் ஊசியை நிறுத்தினால் துணி நின்றுவிடும். முன்பெல்லாம் நான் தண்ணீர் குடிக்க நிமிர்ந்தாலும் துணி அதிர்ந்துகொண்டே இருக்கும். இப்போது ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னை அறியாமல், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அதிர்வு வருமா என்று காத்திருப்பேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெருவில் கோலப்பொடிக்காரர் கூவிக்கொண்டு போவது கேட்டு விழித்துக்கொள்வேன்.

ஏழு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. மிக்சியை நிறுத்திவிட்டு அடுப்படியில் நின்றபடியே கேட்டேன்.

"அக்கா, நான்தேன். நல்லாருக்கியா? நீ பேச மாட்டேன்னு தெரியும், கேட்டா மட்டும் போதும். உங்கிட்ட மறைக்கணும்னு மறைக்கலக்கா. முன்ன ரெண்டு தடவை எல்லாத்துக்கிட்டயும் சொன்னேன், ரெண்டு தடவையும் நின்னு போச்சு. இந்த வாட்டி வாயத் தொறந்தா நடக்காமப் போயிரும்னு பயம். ஏறி உக்கார்ற வரைக்கும் யாருக்கும் சொல்லாதேன்னு அவுகளும் சொன்னாக. மாஸ்டர் சொல்லித்தான் உனக்குத் தெரிஞ்சுச்சுன்னு பின்னாடி மாமி சொன்னாக; அவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு இன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. உங்கிட்ட சொல்லத்தான் அன்னிக்கிக் கையப் புடிச்சேன். நீ உருவிக்கிட்ட. சரி, வைக்கிறேன்க்கா."

எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. பதில் பேசிப் பேசி அழித்தேன். நன்றாக இருக்கிறாயா என்று ஒரு தடவை, வெயில் எப்படி என்று ஒரு தடவை. ஒன்றும் சரியாக வரவில்லை. மூன்றாம் நாள் காலை, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன்: "அன்னிக்கி அந்த மிட்டாய நான் வேணும்னேதான் புள்ள கீழ விட்டேன்." வேறு எதுவும் சேர்க்காமல் அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. முதலில் சிரிப்பு.  பிறகு, "தெரியும்க்கா. எறும்பு மொச்சிருச்சு. மாமி என்னையல்ல திட்டுனாக!"

அதன் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பேசிக்கொண்டோம். மகளுக்குப் பல் முளைத்தது, மாமிக்குக் கண் ஆபரேஷன், ஷார்ஜாவில் பருத்திப்பால் கிடைக்காதது, எல்லாம் பேசினோம். கோபம் போய்விட்டது. ஆனால் ஏக்கம் போகவில்லை. அது அதிகம்தான் ஆனது. குரல் காதில் இருக்கிறது, எதிர்ப்பக்கம் சுவர் இருக்கிறது.

போன ஆடியில் விடுமுறைக்கு வந்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு. இருபத்தைந்து நாளில் இரண்டு கல்யாணம், ஒரு வீடு குடிபுகுதல், சொந்தபந்தம் அத்தனையும் பார்க்க வேண்டும். முதல் வாரமே மகளையும் மாமியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேரீச்சம்பழம், சோப்பு, என் மகளுக்கு ஒரு பள்ளிக்கூடப் பை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கண்ணாடி அணிந்திருந்தாள். லைன் வீட்டுப் பெண்களெல்லாம் வெளிநாட்டுக் கதை கேட்க வந்து நிறைந்துவிட்டார்கள். டீ போட்டேன், முறுக்கு வைத்தேன். ஒரு மணி நேரத்தில் எங்களுக்குள் பத்து வார்த்தைகூடத் தனியாகப் பேசவில்லை. போகும்போது சுவரோரம் கிடந்த சட்டத்தைப் பார்த்தாள். துணியைச் சுண்டினாள். "நல்லாத்தேன் கட்டிருக்க" என்றாள்.

ஷார்ஜாவுக்குத் திரும்பிக் கிளம்புவதற்கு முந்தின நாள் முற்பகலில் தனியாக வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"அக்கா, செத்த நேரம் உக்காருவோமா?"

 இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சட்டத்தைக் கதவில் இடிக்காமல் சாய்த்து வெளியே கொண்டுவந்து, குழாயடியை ஒட்டிய ஓட்டு நிழலில் போட்டோம். ஆடிக் காற்று சுற்றிச் சுற்றி அடித்தது. படம் குத்திய காகிதம் பறக்காமல் இருக்க அவள் செல்போனை அதன்மேல் வைத்தாள். சட்டத்தில் இருந்தது வத்தலக்குண்டுப் பெண் ஒருத்தியின் கல்யாண ஜாக்கெட். பச்சைப் பட்டு, கழுத்து ஓரத்துக்கு ஜரியில் சங்கிலித் தையல்.

அவள் ஊசியை எடுத்தாள். முதல் நாலைந்து தையலுக்கு நூல் மாட்டவே இல்லை. "மறந்துபோச்சுக்கா" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மாட்டியது. பிறகு மெதுவாக ஓடியது. என் பக்கம் துணி அதிர்ந்தது.

நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைத் துணிமேல் விரித்து வைத்துக்கொண்டேன்.

"என்னக்கா, தைக்கல?"

"நீ போடு."

குனிந்தபடியே பேசினாள். அங்கே எட்டாம் மாடியில் வீடு. இரண்டு கட்டில் போட்டால் நடக்க வழியில்லை. சட்டம் போட முடியாது. "ஒரு வளையம் வாங்கிருக்கேன்க்கா. புள்ளைக்குப் பாவாடையில நாலு பூப் போட்டேன். மடியில வச்சுத் தச்சா ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. என் ஊசி மட்டும் ஏறி ஏறி எறங்குது. அம்புட்டுத்தான்."

நான் எத்தனையோ நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன். "நீ கெளம்புன அன்னிக்கு நான் வந்திருக்கணும்."

"ஆமாக்கா. வந்திருக்கணும்" என்றாள். கோபமில்லை. கண் வேலையில்தான் இருந்தது. பரவாயில்லை என்றோ விடு என்றோ அவள் சொல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை வாங்கிக்கொண்டு நானும் ஊசியை எடுத்தேன். இருவரும் தைத்தோம். குழாயில் யாரோ குடம் வைத்தார்கள், எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் இருக்கும். காகிதத்தின் மேலிருந்த செல்போன் அடித்தது. யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும், கார் நிற்கிறது. ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்திவிட்டு எழுந்தாள். என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

"வாரேன்க்கா."

"வா."

அவள் போட்ட வரிசை நாலு விரல் நீளம் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது: ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, நடுவில் வரைந்த கோட்டிலிருந்து விலகி ஒரு நெளிவு. மறுநாள் காலை ஜாக்கெட் கடைக்குப் போயாக வேண்டும். தெரியாத ஒரு பெண் கல்யாணத்தன்று போட்டுக்கொள்ளப் போவது. அப்படியே விட்டுவிடலாமா என்று சாப்பாடு ஆறும்வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். விட முடியவில்லை.

சங்கிலித் தையலைப் பிரிக்கக் கத்திரியே வேண்டாம். கடைசிக் கண்ணியை நெகிழ்த்தி நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று வந்துவிடும். முக்கால் மணி நேர வேலை மூச்சு விடும் நேரத்தில் என் கைக்கு வந்தது. சுருள் சுருளாக நெளிந்த ஜரி. பட்டில் ஊசித் துளைகள் மட்டும் புள்ளி புள்ளியாக நின்றன. அவற்றை நகத்தால் நீவி மூடி, அதே கோட்டில் மறுபடி போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

ஷார்ஜா போய்ச் சேர்ந்த மறுநாள் குரல் செய்தி அனுப்பினாள். நல்லபடியாக வந்துவிட்டோம் என்பதற்கு அடுத்த வரியே, "அந்த வரிசையப் பிரிச்சிட்டியாக்கா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. "பிரிச்சிட்டேன் புள்ள" என்றேன்.

"பிரிச்சிருப்பேன்னு தெரியும். நானா இருந்தாலும் பிரிச்சுத்தேன் இருப்பேன், அம்புட்டுக் கோணல். அடுத்த லீவுக்குக் கை பழகிட்டு வாரேன், இன்ஷா அல்லா."

அடுத்த லீவு இரண்டு வருடமோ மூன்று வருடமோ. அதற்குள் வேறு வீடு பார்க்கலாம் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். முன்னறை கொஞ்சம் அகலமாக வேண்டும் என்றேன். எவ்வளவு அகலம் என்று கேட்டார். சட்டத்தைப் போட்டால் இரண்டு பக்கமும் ஆள் உட்காருகிற அகலம் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. இதுவரை நாலு வீடு பார்த்துவிட்டு வந்துவிட்டார். ஒன்றில் வெளிச்சம் இல்லை, ஒன்றில் தண்ணீர் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீட்டில் எல்லாம் இருந்தது. முன்னறையை அளந்து பார்த்தால் ஒரு முழம் குறைந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.